பெனலோப்பி தறியில் உருவானவள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தில் பெஸ் என்ற சீமாட்டி நானூறு வருடத்துக்கு முன் கட்டிய ஹார்ட்விக் ஹால் மாளிகையைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. ஆசையாகப் படித்தேன். சுவரில் மாட்டும் பெனலோப்பி உருவத் தொங்குசீலையின் படத்துக்குக் கீழே ‘எஜமானி பெஸ் தன் கையால் தறியில் நெய்தது’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் சுருக்கென்றது. முப்பத்தோரு வருடம் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்தவள் நான். அது நெய்தது அல்ல. துணியை வெட்டி, மேலே வைத்து, ஓரம் மடக்கித் தைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நாட்டிங்காமில் இருக்கும் மகள் என்னை அங்கே கூட்டிப் போனாள். சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று பேர் எடுத்த வீடு. ஆனால் வெயில் பட்டால் துணி போய்விடும் என்று உள்ளே மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். கண் பழக ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது: நடு வளைவில் பெனலோப்பி, இரு பக்கமும் விடாமுயற்சியும் பொறுமையும் பெண் உருவில். உடைகளில் பட்டு, வெல்வெட், ஜரிகைத் துணி என்று துண்டு துண்டாக இணைத்திருக்கிறார்கள். சில இடத்தில் பழைய பூவேலை பாதியில் அறுந்து நிற்கிறது. எங்கள் அப்பா தேருக்குத் தொம்பை தைத்தவர். அவர் கத்தரி போட்டிருந்தால் பூ அறுந்திருக்காது என்று மகளிடம் சொன்னேன், சிரித்தாள்.

அந்தப் பூ ஏன் அறுந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. அது முதலில் பாதிரியார்களின் அங்கி. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை கிறிஸ்தவ மடங்களைக் கலைத்த பிறகு இப்படிப்பட்ட விலை உயர்ந்த பூசை உடைகள் பெரிய வீட்டுக்காரர்கள் கைக்குப் போயின. 1570களில் தன் முந்தைய வீடான சாட்ஸ்வொர்த்தில் பெஸ் அவற்றை வெட்டச் செய்து, பெனலோப்பி, லுக்ரீஷியா, செனோபியா, ஆர்டிமீசியா, கிளியோபாட்ரா என்று ஐந்து பெண்களின் சீலைகளாக மாற்றினார். இதில் கிரேக்கப் புராணக்காரி பெனலோப்பிதான். கணவன் ஒடிசியஸ் இருபது வருடம் வராதபோது, மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடித்ததும் மறுமணம் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்தவள். அவள் நெய்தாள் என்பதால் அவள் படமும் நெய்தது என்று உங்கள் கட்டுரையாளர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது!

‘தன் கையால்’ என்பதும் சரியில்லை. நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி பிரபுவோடு மனக்கசப்பாகிப் பிரிந்தபோது இந்தச் சீலைகள் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. அப்போது பெஸ் சொன்ன பதில் முக்கியம்: அங்கிகள் பெரும்பாலும் முந்தைய கணவர் செயின்ட் லோ வாங்கியவை, வேலை செய்தது தன் வீட்டு ஆட்கள், பெண்கள், சில பையன்கள், தொழில்முறை எம்பிராய்டரிக்காரர் ஒரு சமயத்தில் ஒருவருக்கு மேல் இருந்ததில்லை. சொத்துச் சண்டை வந்ததால் அந்தப் பையன்களைப் பற்றி ஒரு வரியாவது நமக்குக் கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை.

நெய்த சீலையும் அந்த வீட்டில் உண்டு. பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் பதின்மூன்று சீலைகள், இன்றைய பெல்ஜியம் பக்கம் உள்ள ஃபிளாண்டர்ஸில் நெய்து 1592இல் பெஸ் வாங்கியவை. முன்பு அவற்றை வைத்திருந்த ஹாட்டன் குடும்பத்தின் சின்னத்தின் மேல் தன் சின்னம் தீட்டிய துணியை வைத்து மறைத்தார். அந்தச் செலவுக்கென்று விலையில் கழிவும் வாங்கிக்கொண்டார், கெட்டிக்காரி. தறியில் ஊடை நூலே படமாகிறது, அதனால் சின்னத்தை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. மேலே ஒன்றை ஒட்டத்தான் முடியும். தையலில் அப்படியல்ல, வேண்டாத துண்டைப் பிரித்து வேறொன்றை வைக்கலாம்.

அடுத்த ஞாயிறு படத்தை மறுபடி போட வேண்டாம், இடம் வீண். கீழே ‘நெய்தது’ என்பதை எடுத்துவிட்டு ‘வெட்டித் தைத்தது’ என்று ஒரு திருத்தம், கூடவே ‘வீட்டு ஆட்களும் பெண்களும் பையன்களும்’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
கும்பகோணம்