பாப்பாவுக்கு, ஹெல்மெட் விஷயமாக

பாப்பா,

பனிச்சறுக்குக்குப் போகிறாய் என்றதும் கையுறை, சாக்ஸ், ஜாக்கெட் என்று அம்மா பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள், அது அவள் இலாகா. எனக்கு ஒரே கவலைதான். "ஃப்ரெண்டோட பழைய ஹெல்மெட் இருக்குப்பா, முதல் நாள் சின்னச் சரிவுலதானே" என்று போகிறபோக்கில் சொன்னாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் விழுந்ததும் சின்னச் சரிவில்தான், அதுவும் பயிற்சியின்போது. ஹெல்மெட் இல்லை. எழுந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார், வந்த ஆம்புலன்ஸைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மண்டையோட்டுக்கு உள்ளே கசிந்த ரத்தம் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டியது, இரண்டே நாளில் போய்விட்டார். அதனால் தலையில் அடிபட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும்கூட, "ஒண்ணுமில்லை" என்று நீயே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதே. தலைவலி, வாந்தி, தூக்கக்கலக்கம் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

கார் பந்தய வீரர் ஷூமேக்கர் ஹெல்மெட் போட்டிருந்தாரே என்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. போட்டிருந்தார்தான். 2013 டிசம்பரில் பிரான்ஸில் பனிச்சறுக்கும்போது பாறையில் மோதியபோது அது இல்லாதிருந்தால் ஆஸ்பத்திரி வரையே வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று மறுநாளே டாக்டர்கள் சொன்னார்கள். எல்லா அடியையும் அது தாங்காது, அவ்வளவுதான். போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டாதே.

சரி, அந்தப் பழைய ஹெல்மெட். ஓட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் நம் தெர்மாகோல் ஜாதிதான், கொஞ்சம் அடர்த்தி கூட. அடி விழும்போது அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது, நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. வெளி ஓடு மட்டும் பளபளவென்று ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றால் அந்தத் தலைப்பாகையும் போனதுதான், அதை எடுத்து இன்னொருத்தி சுற்றிக்கொள்ளக் கூடாது. உன் ஃப்ரெண்டுக்கே அது எங்கெங்கே இடிபட்டது என்று நினைவிருக்காது. வீட்டில் கிடக்கும் சைக்கிள் ஹெல்மெட்டும் வேண்டாம். பனிச்சறுக்கு ஹெல்மெட்டைக் கடுங்குளிரில் வைத்துச் சோதிக்கிறார்கள், ஐரோப்பியச் சோதனையில் கூர்மையான பொருள் குத்தினால் தாங்குமா என்றும் பார்க்கிறார்கள்.

புதிதாகவே வாங்கு. உள்ளே பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தர எண், இஎன் 1077 (ஐரோப்பா) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 (அமெரிக்கா) என்று இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடு. இஎன் 1077-இல் ஏ, பி என்று இரண்டு வகை, ஏ வகை தலையைக் கூடுதலாக மூடும். மிப்ஸ் என்று எழுதியிருந்தால் உள்ளே வழுக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும், சாய்வாக மோதும்போது தலையின் திருகலைக் குறைப்பதற்கு. கிடைத்தால் நல்லது. ஆனால் தலைக்குச் சரியாக உட்காராத ஹெல்மெட்டில் எது இருந்தும் என்ன பயன்?

உட்காருகிறதா என்று பார்ப்பது சுலபம். புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே டேப்பைச் சுற்றி சென்டிமீட்டரில் அள, அந்த அளவில் எடு. மாட்டிக்கொண்டு, பட்டையைப் போடாமலே தலையை இடமும் வலமும் ஆட்டு. நெற்றித்தோலும் கூடவே அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் பெரியது. பின்னாலிருக்கும் திருகை இறுக்கிப் பெரியதைச் சின்னதாக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. ஒரே இடத்தில் அழுத்தினால் அந்த மாடல் உன் தலையின் வடிவத்துக்கு ஆகாது, வேறு மாடல் பார். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். அடியில் தடிமனான குல்லாய் கூடாது. அப்புறம் கடைக்குப் போகும்போது காகிள்ஸையும் (பனிக்குப் போடும் கண்ணாடி) கையோடு எடுத்துப் போ, ஹெல்மெட்டுக்கும் அதற்கும் நடுவே நெற்றி தெரியக் கூடாது, மூக்கை அமுக்கவும் கூடாது.

மாட்டிப் பார்த்ததும் காகிள்ஸோடு போட்டோ எடுத்து அனுப்பு, நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போஸ் எல்லாம் வேண்டாம், நெற்றி தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

அப்பா