நான்காவது ஸ்டேஜ்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஏழு மாதங்களைக் கடத்திவிட்டேன். நீ கோபித்துக்கொள்வது நியாயமே. இங்கே அனைவரும் நலம், அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நம் பழைய நண்பன் காகிதக்கப்பல்காரன் போன மாதம் வந்து ஒரு நாள் தங்கிப் போனான். இன்னும் அதே சிரிப்பு. இன்று எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணம், நீ அனுப்பிய செங்குத்து டர்பைன் பம்பின் (கிணற்றுக்குள் நின்று, மேலே உள்ள மோட்டாரால் நீண்ட ஷாஃப்ட் வழியே சுழலும் பம்பின்) விவரத்தாள். அதில் ஹெட்டுக்கு (ஏற்ற வேண்டிய உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்த மொத்தத்துக்கு) எதிரே, "பாதுகாப்புக்காக 20 விழுக்காடு கூட்டியது" என்று உன் கையெழுத்தில் கண்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சென்ற கோடையில் எங்களுக்கு நேர்ந்ததைக் கேள். தேவை நொடிக்கு 50 லிட்டர். நீரை ஏற்ற வேண்டிய உயரம் 42 மீட்டர், அந்த ஓட்டத்தில் குழாய் உராய்வு 10 மீட்டர், ஆக மொத்தம் 52. இதற்கு மேல் வடிவமைத்தவர் ஓட்டத்தில் கொஞ்சம் கூட்டினார், சரிபார்த்தவர் ஹெட்டில் கொஞ்சம் கூட்டினார், பம்பு கொடுத்தவர் கிடைத்த மாடலுக்கு ஏற்ப மேல்நோக்கி முழுமையாக்கினார். வந்து சேர்ந்தது 55 லிட்டரில் 66 மீட்டர் தரும் நான்கு ஸ்டேஜ் பம்பு, அதாவது நீரைத் தள்ளும் நான்கு சுழல் சக்கரங்கள் (இம்பெல்லர்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடுதான் கூட்டினார்கள் என்பதால் யாரையும் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆனால் பம்பு நாம் தாளில் எழுதிய புள்ளியில் ஓடுவதில்லை. எந்த ஓட்டத்தில் எவ்வளவு ஹெட் தரும் என்ற தன் வளைகோடும், எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு ஹெட் கேட்கும் என்ற குழாய்த்தொடரின் வளைகோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஓடும். உராய்வு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதைக் கணக்கிட்டு வரைந்து பார்த்தபோது, அவை 65 லிட்டரில், ஏறத்தாழ 59 மீட்டரில் வெட்டின. 32 கிலோவாட்டில் முடிய வேண்டிய வேலைக்கு ஷாஃப்டில் 48 கிலோவாட் போய்க்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய கேடு கீழே, உறிஞ்சு கிணற்றில். எங்கள் உறிஞ்சு வாயின் விட்டம் 25 சென்டிமீட்டர். சுழல் விழாமல் இருக்க, 50 லிட்டருக்கு அது 62 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் போதும், 65 லிட்டருக்கோ 74 வேண்டும். கோடையில் மட்டம் இறங்கி 68 சென்டிமீட்டர்தான் நின்றது. நீர்ப்பரப்பில் சுழல் விழுந்து, காற்று உள்ளே போய், சரளைக் கல்லை அரைப்பது போன்ற ஓசை, நீரை மேலே கொண்டுவரும் காலம் பைப் வழியே, நீர் வெளியேறும் தலைப்பகுதியான டிஸ்சார்ஜ் ஹெட் வரை கேட்டது. எத்தனையோ குடும்பங்களின் குடிநீர் அந்த ஓசையை நம்பி நிற்கிறது என்று நினைத்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

முதலில் வால்வை நெருக்கிப் பார்த்தோம். ஓசை அடங்கியது, ஆனால் வாங்கிய மின்சாரத்தில் ஒரு பங்கை வால்விலேயே கரைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் எங்களுடன் வேலை செய்யும் பெரியவர் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: இந்த வகைப் பம்பில் ஒவ்வொரு ஸ்டேஜும் ஹெட்டைத்தான் கூட்டும், ஓட்டத்தை அல்ல. எங்கள் பம்பில் ஒரு ஸ்டேஜ் 50 லிட்டரில் 17.3 மீட்டர் தருகிறது, மூன்றுக்கு 52. மேலே இருந்த நான்காவது இம்பெல்லரைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்லீவ் (வெறும் உருளை உறை) பொருத்தினோம். அடியில் உள்ள முதல் இம்பெல்லரை மட்டும் தொடவே கூடாது, நீரை உள்ளிழுக்கும் பொறுப்பு அதனுடையது. அன்றிலிருந்து 50 லிட்டர், 32 கிலோவாட், சுழல் இல்லை.

உன் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிநீர் என்பதால் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் வேண்டாம், நீரால் மசகிடும் ரப்பர் பேரிங் போதும். ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பேரிங்குகளை, பம்பை ஓட்டுவதற்கு முன் நனைக்க ஏற்பாடு வேண்டும். உள்ளீடற்ற ஷாஃப்ட் கொண்ட மோட்டாரையே எடு, இம்பெல்லர் இடைவெளியை மேலிருந்தே நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். எதிர்ச்சுழற்சியைத் தடுக்கும் ராட்செட் இல்லாமல் வாங்காதே. நிறுத்தியதும் காலம் பைப்பிலுள்ள நீர் கீழிறங்கி ஷாஃப்டைப் பின்னோக்கிச் சுழற்றும். அந்த நேரத்தில் யாராவது ஸ்விட்சைப் போட்டால் ஷாஃப்டே முறியலாம். வேகத்தை மாற்றும் டிரைவ் பற்றி நீ காட்டும் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆனால் உன் ஹெட்டில் பெரும்பகுதி வெறும் உயரம். வேகத்தைப் 10 விழுக்காடு குறைத்தால் ஹெட் 19 விழுக்காடு இறங்கிவிடும், இன்னும் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீர் மேலே ஏறாமல் பம்பு சும்மா சுற்றும்.

ஆர்டர் போடுவதை இரண்டு வாரம் தள்ளிவை. கோடையின் கடைசி மட்டத்தை, அதுவும் பம்பு ஓடும்போது அளந்த மட்டத்தை, குழாயின் நீளம், விட்டத்தோடு எனக்கு அனுப்பு. இரண்டு வளைகோடுகளையும் நானே வரைந்து, இந்த முறை அதே வாரத்தில் தபாலில் சேர்த்துவிடுகிறேன். அன்று நாம் மொட்டைமாடியில் எடுத்த சபதத்தின் மேல் ஆணை.

உன் பழைய அறைத்தோழன்