செருப்பைக் கீழே வை

அன்புள்ள முத்து,

இங்கே நாங்கள் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாயின் சோற்றுத் தட்டுப் பக்கம் நான் போனதும் டைகர் உறுமியது, செருப்பால் ரெண்டு போட்டேன், இப்போது உறுமுவதே இல்லை என்றாய். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. உறுமல் என்பது நாய் கொடுக்கிற நோட்டீஸ். அடித்தால் நோட்டீஸ் நின்றுவிடும், உள்ளே இருக்கிற பயம் போகாது. அடுத்த தடவை சத்தமே இல்லாமல் பல் பதியும்.

நம் செவலைப் பசு நினைவிருக்கிறதா? தலையீற்றுக்கு அப்புறம் மூன்று நாளும் பால் செம்பை உதைத்துத் தள்ளியது. நானும் அடித்தேன், பொய் சொல்லவில்லை. விற்றுவிடலாம் என்று தரகரைக்கூட வரச் சொல்லிவிட்டேன். உன் அம்மாதான் விடியற்காலையில் டார்ச் அடித்து மடியைப் பார்த்தாள். பின்காம்பு ஒன்றில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. கை பட்டால் எரியாமல் என்ன செய்யும்? மாட்டு டாக்டர் களிம்பு கொடுத்தார். புண் ஆறியதும் அதே மாடு அசைபோட்டுக்கொண்டே பால் கொடுத்தது.

ஐந்து வருஷமாக இல்லாத குணம் போன மாதம் வந்திருக்கிறது என்றால், முதலில் டைகரை டாக்டரிடம் காட்டு. லாப்ரடாருக்குத் தொங்கு காது, உள்ளே சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. பல், இடுப்பு எல்லாம் பார்க்கச் சொல்.

சாப்பிடும்போது தட்டைத் தொடாதே. அது நிம்மதியாகத் தின்கிற தூரத்தில் நின்று, எலும்பில்லாத வெந்த கோழித்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடு. தினமும் இப்படிச் செய். நீ பறிக்க வரவில்லை, கொடுக்க வருகிறாய் என்று அதற்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும். உடம்பு விறைத்தாலோ, அவசரமாக விழுங்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலோ பின்வாங்கு. வால் ஆடுகிறதே என்று நம்பிவிடாதே, கோபத்திலும் வால் ஆடும்.

இப்படிப் பழக்கும்போது பேரன் பக்கத்தில் வரவே கூடாது. நாய் சாப்பிடுகிற அறைக் கதவைச் சாத்திவிடு. அவனையும் அதையும் தனியாக விடாதே. அதற்காகப் பால்கனியில் நாள் முழுக்கக் கட்டியும் போடாதே. கட்டிப் போட்ட நாய்க்கு விலகி ஓட வழியில்லை, அப்புறம் கடிக்கத்தான் தெரியும்.

பல்லோ கீறலோ பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள், பார்சலில் வரும். டைகருக்குக் கொடுக்காதே, காரம் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா