என் முழங்காலுக்கு வரும் கடிதங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் எடை 51 கிலோ. ஆனாலும் '30 நாளில் 15 கிலோ குறைக்கலாம்' என்று தினமும் காலையில் நான்கைந்து மெயிலாவது வந்துவிடுகிறது. குறைத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். கூடவே முழங்கால் வலிக்குத் தைலம், இடுப்புக்குப் பட்டை, காந்தம் பதித்த காலுறை. போன வாரம் வந்ததை ஏதோ இயந்திரம் தமிழாக்கியிருக்கிறது: 'அன்புள்ள முழங்கால் உரிமையாளரே'.

சிரித்துவிட்டு அழித்திருப்பேன், என் அக்காவுக்கு இப்படி ஆகாமல் இருந்திருந்தால். அக்காவுக்கு 68 வயது. மெயிலில் வந்த விளம்பரத்தை நம்பி, 'முழுக்க மூலிகை' என்ற மூட்டுவலி மாத்திரையை 2,400 ரூபாய் கட்டி வரவழைத்தார். நான்காம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. மாடிப்படி ஏறிப் போய் வடகம் காயப்போட்டார். இரண்டு மாதத்தில் முகம் உப்பிவிட்டது. பார்க்கிறவர்கள் 'நல்லா பூசினாப்ல இருக்கீங்க' என்றார்கள். சர்க்கரை 340. டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. ஸ்டீராய்டு கலந்திருக்கும் போலிருக்கிறது, சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். வைத்தியம் இன்னும் நடக்கிறது.

வலி மாத்திரையால் எடை கூடிய அக்காவுக்கு இப்போது எடை குறைக்கும் மெயில் வருகிறது. அதையும் வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். மூலிகை என்று சொல்லி விற்ற மெலியும் மாத்திரைகளில் சிபுட்ராமின் இருந்தது வெளிநாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல் நம் நாட்டிலும் தடை செய்த மருந்து அது.

நான் அஞ்சலகத்தில் 33 வருஷம் வேலை பார்த்தவன். அந்தக் காலத்திலும் லேகியமும் தைலமும் வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் பார்சலில் வரும். ஆனால் பார்சலின் மேல் அனுப்பியவர் முகவரி இருக்கும். வேண்டாம் என்றால் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பிவிடுவோம். மெயிலை எங்கே திருப்புவது? கீழே 'இனி அனுப்ப வேண்டாம்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அமுக்கினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். நான் அமுக்கினேன். வரத்து இரண்டு மடங்கானது.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது, மூட்டுவாதமும் இருக்கிறது. இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். விளம்பரம் என்றால் என்ன என்பதற்கு நோட்டீஸ், லேபிளில் ஆரம்பித்து, ஒளி, ஒலி, புகை மூலம் அறிவிப்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். புகையைக்கூட யோசித்த புண்ணியவான்கள்! மெயில் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மின்னணு விளம்பரங்களையும் சேர்த்து, முதல் தடவைக்கான அபராதத்தை 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்த 2020-ல் சுகாதார அமைச்சகம் ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. அதைத் தூசு தட்டி எடுக்கட்டும். தொல்லை தரும் போன் அழைப்பு, குறுஞ்செய்தி பற்றி 1909 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மெயிலுக்கும் அப்படி ஒரு எண் வேண்டும்.

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஒரே மாதத்தில் தொப்பை காணாமல் போகும்' என்று உங்கள் ஞாயிறு இணைப்பிலும் கால் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வருகிறது. சென்ற வாரம் வந்ததை அக்கா கத்தரித்துக் காலண்டரில் செருகி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்