கேள்வியோடு அதன் வரம்பையும் அனுப்புங்கள்: பிரிட்டிஷ் வினாடி வினாக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் பப்களிலும் சமூகக் கூடங்களிலும் வினாடி வினா நடத்துகிற, அதற்காகக் கேள்விகளைக் கட்டுக் கட்டாகக் கைமாற்றிக்கொள்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குள் சுற்றுகிற கேள்விகளைச் சரிபார்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

நாற்பது கேள்வி கொடுத்து நாற்பது வாங்குவது நல்ல ஏற்பாடு. வாராவாரம் ஒரே ஊரில் அதே முகங்களுக்கு முன்னால் நிற்பவருக்குக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த ஊர்க்காரர் கேட்டு முடித்தது இவருக்குப் புதுச் சரக்கு. அதில் ஒரு குறையும் இல்லை. குறை, கைமாறும் விதத்தில். கேள்வியும் பதிலும் மட்டும் பயணம் போகின்றன. அந்தப் பதில் எந்தத் தேதி வரை சரி, எந்த நாட்டுக்குச் சரி, யாருடைய கணக்குப்படி சரி என்பதெல்லாம் எழுதியவர் தலையிலேயே தங்கிவிடுகிறது. மூன்றாவது கைக்கு வரும்போது அது வெறும் தப்பு. வெள்ளிக்கிழமை இரவு விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஒரு மேசை (ஒன்றாக உட்கார்ந்து ஆடும் குழு) உங்களிடம் சண்டைக்கு வருகிறதென்றால், பாதி நேரம் காரணம் இதுதான்.

எங்களை அதிகம் படுத்தும் சொல் ‘ஒரே’. ‘உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஒரே வீரர் யார்?’ பதில், ஜெஃப் ஹர்ஸ்ட். 1966 ஜூலை 30, வெம்ப்ளி, இங்கிலாந்து 4, மேற்கு ஜெர்மனி 2. பிரிட்டனில் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட தேசிய சொத்து. ஆனால் 2015 மகளிர் உலகக் கோப்பை இறுதியில் அமெரிக்காவின் கார்லி லாயிட் மூன்று கோல் அடித்தார். அன்றிலிருந்து ‘வீரர்’ என்பதற்கு முன்னால் ‘ஆண்’ என்று சேர்த்தால்தான் கேள்வி நிற்கும். 2022 டிசம்பர் 18 அன்று ஆண்கள் இறுதியில் பிரான்சின் கிலியன் எம்பாப்பே மூன்று அடித்தபோது அந்த ஒட்டும் கழன்றது. கேள்வி செத்துப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய பதிலோடு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனின் பாடல் தரவரிசைப் பட்டியலில், கிறிஸ்மஸ் வாரத்தில் ஒரே பதிவு இரண்டு முறை முதலிடம் பிடித்தது எது என்ற கேள்வியும் அப்படித்தான். குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’, 1975, 1991 என்பது வெகுகாலம் அசையாத பதில். 2023லும் 2024லும் வாம் இரட்டையரின் ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ முதலிடத்துக்கு வந்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் முதலிடப் பாடல்கள் எத்தனை என்றால் 17 என்பார்கள். 2023 நவம்பரோடு அது 18. பிரிட்டனை மிக நீண்ட காலம் ஆண்டவர் விக்டோரியா என்பது, இரண்டாம் எலிசபெத் அவரைத் தாண்டிய 2015 செப்டம்பர் 9 அன்று காலாவதியானது. மிகக் குறைந்த நாள் பிரதமராக இருந்தவர் ஜார்ஜ் கேனிங், 119 நாள், 1827 என்பதை 2022இல் லிஸ் டிரஸ் காலி செய்தார்.

இதற்கு மருந்து எளியது. ‘ஒரே’, ‘அதிகம்’, ‘நீண்ட’, ‘குறைந்த’ என்ற சொற்கள் அழுகும். ‘முதன்முதலாக’ அழுகாது. ‘ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் முதன்முதலாக மூன்று கோல் அடித்தவர் யார்?’ என்று மாற்றிவிட்டால் ஹர்ஸ்ட் என்றைக்கும் ஹர்ஸ்ட்தான். மாற்ற முடியாத இடத்தில் ‘2025 முடிய’ என்று கேள்விக்குள்ளேயே தேதியைப் போடுங்கள். ஓரத்தில் குறித்துவைத்தால் நகலெடுக்கும்போது முதலில் உதிர்வது அந்தக் குறிப்புதான்.

‘முதல்’ என்பதற்கும் தனித் தலைவலி உண்டு. முதல் பிரதமர் ராபர்ட் வால்போல், 1721 என்பது வழக்கமான பதில். ஆனால் அந்தப் பதவிப்பெயர் அரசு முறையில் ஏற்கப்பட்டது 1905இல்தான். அரசு முறையில் அந்தப் பெயரால் முதலில் அழைக்கப்பட்டவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் ஹென்றி கேம்பெல்-பேனர்மன். ‘வழக்கமாக முதல் பிரதமராகக் கருதப்படுபவர்’ என்று எழுதினால் சிக்கல் இல்லை. பி.பி.சி. தொடங்கியது எப்போது? நிறுவனமாக 1922 அக்டோபர் 18, அரச சாசனம் பெற்ற கழகமாக 1927 ஜனவரி 1. பென்னி பிளாக் தபால்தலை விற்பனைக்கு வந்தது 1840 மே 1, செல்லுபடியானது மே 6. எதைக் கேட்கிறீர்கள் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். ‘ஏற்கலாம்’ என்று தனியாக ஒரு வரி எழுதிக் காப்பாற்றுவதைவிட அது மேல்.

அடுத்தது இங்கிலாந்தும் பிரிட்டனும் ஒன்றென்று எழுதிவிடுவது. எடின்பரோவிலோ கார்டிஃபிலோ இதைச் செய்தால் அன்றைய இரவு அதோடு போச்சு. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்து கிரேட் பிரிட்டன் ஆயின; 1801இல் அயர்லாந்தும் சேர்ந்து ஐக்கிய ராஜ்யம். ஆகவே எலிசபெத் ராணி பெயரோடு ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்று எழுதும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது: முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தின் ராணியாக இருந்ததே இல்லை. கிரேட் பிரிட்டனின் முதல் ஆட்சியாளர் என்று கேட்டால் பதில் ராணி ஆன். 1603இல் இரண்டு முடிகளையும் சூடிய ஜேம்ஸ் என்று எழுதுபவர்களும் வருவார்கள். அவர் காலத்தில் தலை ஒன்று, நாடு இரண்டு. பத்து பவுண்டு நோட்டில் யார் படம் என்ற சாதாரணக் கேள்விகூட எல்லை தாண்டினால் விழுந்துவிடும். இங்கிலாந்து வங்கியின் நோட்டில் ஜேன் ஆஸ்டின், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் நோட்டில் மேரி சோமர்வில். ‘இங்கிலாந்து வங்கி வெளியிட்ட’ என்று சேர்க்க வேண்டியதுதான், வேறொன்றும் இல்லை.

தேதிகளில் இன்னொரு குழி இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. முதலாம் சார்லஸின் தலை விழுந்த ஜனவரி 30ஐ அன்றைய ஆவணங்கள் 1648 என்று எழுதின. நாம் 1649 என்கிறோம். வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டே தேதி பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. இங்கிலாந்து வரலாற்றில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை விழும் எந்த நிகழ்வுக்கும் எந்த முறைப்படி ஆண்டு எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதே குழியிலிருந்து நல்ல கேள்வியும் கிடைக்கிறது: பிரிட்டனில் 1752 செப்டம்பருக்கு எத்தனை நாள்? அந்த மாதம் நாட்காட்டியை மாற்றியதால் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14. பதினொரு நாள் போக மிச்சம் 19. யாரும் மறுக்க முடியாத பதில், யோசித்தால் கண்டுபிடிக்கவும் முடியும்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை எந்தக் கட்டும் விட்டுவைப்பதில்லை. அவர் எத்தனை மனைவியரை விவாகரத்து செய்தார் என்ற கேள்விக்கு இரண்டு என்று எழுதி அனுப்புகிறீர்கள். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாட்டில் அப்படி வருவதுதான் காரணம். நடந்தது விவாகரத்து அல்ல, திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்ற தீர்ப்பு. அராகனின் கேத்தரினுக்கும் கிளீவ்ஸின் ஆனுக்கும் அப்படி. ஆன் போலினுக்கும் அதே தீர்ப்பு வந்தது: 1536 மே 17 அன்று திருமணம் செல்லாது, மே 19 அன்று தலை துண்டிப்பு. அந்தக் கணக்கில் ஆறு திருமணங்களில் மூன்றுதான் சட்டப்படி நின்றவை. ‘எத்தனை விவாகரத்து’ என்பதை எடுத்துவிட்டு, ‘எத்தனை திருமணங்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன?’ என்று கேளுங்கள். பதில் 3. பாட்டை நம்பி 2 என்று எழுதிய மேசை முனகும், ஆனால் தோற்கும்.

எண்ணிக்கைக் கேள்விகளில் எல்லைக்கோடு போடாமல் இறங்காதீர்கள். 1936இல் பிரிட்டனை எத்தனை மன்னர்கள் ஆண்டார்கள் என்றால் மூன்று; ஐந்தாம் ஜார்ஜ், எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ். அதில் தகராறு வராது. 1066 என்று ஆண்டையும் இங்கிலாந்து என்று நாட்டையும் மாற்றியதும் வந்துவிடும்: முடிசூடாத எட்கரைச் சேர்த்தால் நான்கு, விட்டால் மூன்று. ‘முடிசூடிய’ என்ற ஒரு சொல் அதைத் தீர்க்கிறது. ஜேம்ஸ் பாண்ட் வேடத்தில் ஷான் கானரி எத்தனை படம் என்பதற்கு ஆறும் சரி, ஏழும் சரி. 1983இல் வேறு தயாரிப்பாளர்கள் எடுத்ததைச் சேர்க்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. பீட்டில்ஸின் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ 1963இல் முதலிடம் வந்ததா? அன்று ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் இருந்தன. சிலவற்றில் முதலிடம், இன்று அதிகாரப்பூர்வமாக எடுத்துக்கொள்ளப்படுகிற பட்டியலில் இரண்டாமிடம். எந்தப் பட்டியல் என்று சொல்லாத கேள்வியை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம்.

டை-பிரேக்கருக்கு (சமமாக நிற்கும் குழுக்களைப் பிரிக்கும் கடைசிக் கேள்விக்கு) ஒரு நல்ல எண், கணக்குப் போட்டுச் சரிபார்க்கக்கூடியது: இரண்டாம் எலிசபெத் ஆண்ட நாட்கள். 1952 பிப்ரவரி 6 முதல் 2022 செப்டம்பர் 8 வரை, முதல் நாளை விட்டு எண்ணினால் 25,782. எழுபது ஆண்டுக்கு 25,550. நடுவில் வந்த பிப்ரவரி 29கள் 18. மேலே 214 நாள். ‘முதல் நாளை விட்டு’ என்பதைச் சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 25,783 என்று சாதிப்பார், அவர் சொல்வதும் பொய்யாகாது. லிஸ் டிரஸ் விஷயத்தில் இதே குழப்பம்தான்: பதவியேற்ற செப்டம்பர் 6 முதல் விலகிய அக்டோபர் 25 வரை 49 என்றும் 50 என்றும் எண்ணலாம். விலகுவதாக அறிவித்த அக்டோபர் 20 வரை எண்ணி 44, 45 என்பாரும் உண்டு. அதை டை-பிரேக்கராக வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இனி கைமாற்றும் முறை. ஒரு கேள்விக்கு ஒரு வரிசை என்று அட்டவணையாக அனுப்புங்கள். கட்டுக்கு ஓர் எண், கேள்விக்கு ஓர் எண். பிறகு கேள்வி, பதில், ஏற்கக்கூடிய வேறு பதில், ஏற்கக் கூடாதது, சரிபார்த்த தேதி, எங்கே பார்த்தது, எந்த ஊரில் எப்போது கேட்டது, எத்தனை மேசை சரியாகச் சொன்னது. அட்டவணையின் கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக வருகிறது. ஆனால் வாங்குபவருக்கு அதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. ‘எளிது’, ‘கடினம்’ என்று எழுதாதீர்கள். எழுதியவருக்கு எல்லாமே எளிதுதான். பத்து மேசையில் ஏழு சரியாகச் சொன்னது என்பதை 7/10 என்று எழுதினால் பேச்சே வேண்டாம். பத்துக் கேள்விச் சுற்றில் இரண்டுக்கு மேல் 2/10 வகை வைத்தால் கூட்டம் ஃபோனை எடுத்துவிடும். 1970களின் தொலைக்காட்சியில் 8/10 வாங்கிய கேள்வி மாணவர்கள் கூடும் பப்பில் 1/10 ஆகலாம். எந்த மாதிரிக் கூட்டம் என்றும் ஒரு சொல் எழுதுங்கள்.

கேள்வி காதுக்கு எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டும் மைக்கில் ஒன்றாகத்தான் கேட்கும். ‘ஒன் த்ரீ’ என்று அடைப்பில் எழுதிவையுங்கள். ஆண்டும் நாடும் முதலில் வரட்டும், ‘யார்’, ‘எது’ கடைசியில் வரட்டும். இசைச் சுற்றுக்கு ஒலிக்கோப்பை அனுப்ப வேண்டாம், அது உங்கள் சொத்து இல்லை. பாடல், எந்த ஆண்டுப் பதிவு, எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் நிறுத்துவது என்று எழுதினால் போதும். ஆண்டு எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் பாட்டு சாட்சி. 1984, 1989, 2004 என்று மூன்று பதிவுகள் மூன்று கிறிஸ்மஸில் முதலிடம் வந்தன. பாடகர்களோ பெரும்பாலும் வேறு வேறு.

திருடரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தே ஒரு தப்பைக் கட்டில் புதைத்துவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். அமெரிக்காவில் ஃப்ரெட் வொர்த் என்பவர் தன் துணுக்குக் களஞ்சியத்தில், கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ‘ஃபிலிப்’ என்று வேண்டுமென்றே எழுதிவைத்தார். ட்ரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டில் அது அப்படியே வந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவல் யாருடைய சொத்தும் இல்லை என்பது ஒருபுறம். அந்த ‘ஃபிலிப்’ வழக்கு முடிந்த பிறகும் விடைத்தாள்களில் உயிரோடு இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

இடையில் ஒரு சின்னக் குறை. மல்லிகடானி சூப்பின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ‘இந்திய மொழி’ என்று பதில் எழுதினால் அது பதிலே இல்லை. தமிழ். மிளகுத் தண்ணீர். கேட்டமரன் என்ற படகுக்கும் அதே பதில், கட்டுமரம்.

தப்பு கண்டால் கட்டு எண்ணும் கேள்வி எண்ணும் போட்டு, உங்களுக்குக் கொடுத்தவருக்கும் நீங்கள் கொடுத்த எல்லாருக்கும் ஒரு வரி அனுப்புங்கள்: ‘கட்டு 12, கேள்வி 31, ஹர்ஸ்ட்: ‘ஒரே’ என்பதை ‘முதன்முதலாக’ என்று மாற்றவும், ‘ஆண்கள்’ சேர்க்கவும்.’ யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அதனால் அடுத்த கட்டை அனுப்பும் முன் அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேள்விகளைச் சரிபார்ப்பவர்கள்