தேய்ப்புக் கடை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

டிசம்பர் வெள்ளத்தைப் பற்றித் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. மாடியில் இடம் கொடுத்த எதிர்வீட்டார், படகில் பாலும் பிரட்டும் கொண்டுவந்த தம்பிகள், தண்ணீர் வடிந்ததும் வாளியும் துடைப்பமுமாக வந்து நின்ற சபைப் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

அண்ணாச்சியைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த பாதிரியார் ஜி. யு. போப் ஐயரைப் பற்றி அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டுகள் பீரோவின் அடித்தட்டில் ஊறிக் கிடந்தன. குப்பைக்குப் போக இருந்ததை அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. கரண்ட் கிடையாது. நனைந்த கரியை வெயிலில் உலர்த்தி, தாள் தாளாகப் பிரித்து, பழைய வேட்டிக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

காயவைத்தவர் படிக்கவும் செய்தார். "ஏம்மா, இந்த ஐயரு ஓரிடத்துல நிக்கவே மாட்டாரோ?" நியாயமான கேள்வி. கனடாப் பக்கம் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820இல் பிறந்தவர், 1839இல் இங்கே வந்தார். ஆங்கிலிகன் குருவாகி, நம்ம பக்கத்துச் சாயர்புரத்தில் செமினரியை, அதாவது குருமாருக்கான பள்ளியை, நடத்தினார். அப்புறம் தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூரு, கடைசியில் ஆக்ஸ்போர்டு.

"கல்லறையில தமிழ் மாணவன்னு எழுதியிருக்காமே?" என்றார். அப்படி ஒரு வரி அதில் இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் இருக்கிறது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

போப் கண்டிப்புக்குப் பேர்போனவர், பிரம்பை எடுக்கத் தயங்காதவர். அப்பா அதை ஒரே வரியில் தாண்டியிருந்தார். அண்ணாச்சி அங்கேயே நின்றுவிட்டார்: "அடி வாங்குன பிள்ளைகளையும் எழுதணும்லா?"

எழுதுகிறேன் அண்ணாச்சி. வயதாகிவிட்டதே, திருவாசக மொழிபெயர்ப்பை எப்படி முடிப்பது என்று தயங்கிய போப்பிடம், பெரிய வேலை கையில் இருந்தால் ஆயுள் நீளும், முடிக்கும்வரை இருப்பீர்கள் என்றாராம் ஆக்ஸ்போர்டின் பல்லியோல் கல்லூரித் தலைவர் ஜோவெட். 1900இல், தன் 80ஆவது பிறந்தநாள் தேதியிட்டு முன்னுரை எழுதினார் போப். அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. நான் முடிப்பேன்.

சாயர்புரம் பகுதியில் சில தாள்கள் ஒட்டிக் கிழிந்துவிட்டன. அப்பாவிடம் அந்த நோட்டை வாங்கி நகல் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டுக்கு வரலாம், தேய்ப்புக் கடையில் கொடுத்தாலும் சரி.