ஸ்கோப் மவுண்ட் தெரிவு பற்றி ஒட்டாவா நண்பருக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும் அதனுடன் வைத்திருந்த அளவுத்தாள்களும் கிடைத்தன. துளைக் குறிநோக்கியை விட்டுவிட்டு, இனி ஸ்கோப் என்னும் தொலைநோக்கி பூட்டிய துவக்கோடு, நெடுந்தூர இலக்குச் சுடும் போட்டியின் எஃப் வகுப்பில் சுடப்போவதாக எழுதியிருந்தீர். பார்வை மங்கிய மூத்தவர்கள் விளையாட்டைக் கைவிடாமல் இருப்பதற்காக உமது கனடா நாட்டவரான ஜோர்ஜ் ஃபார்குவர்சன் தொடக்கிவைத்த வகுப்பு அது என்பதையும், அவருடைய பெயரின் முதலெழுத்தே வகுப்பின் பெயரானது என்பதையும் அறிவேன். ஆகவே கண்ணில் கண்ணாடி ஏறியதை எண்ணி நீர் வருந்த வேண்டியதில்லை. துவக்கு என்ற சொல் இந்த ஊரில் எதை நினைவூட்டும் என்பது உமக்குத் தெரியும். அது உமது கையில், உமது ஊரின் கனாட் சுடுதளத்துக் கடதாசி இலக்கில் துளையிடும் அமைதியான விளையாட்டாக இருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது.

ஸ்கோப்பைத் துவக்கோடு பிணைக்கும் தாங்கியான மவுண்டில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர். நான் துவக்குக்காரன் அல்லன். ஆனால் தியத்தலாவையில் நாம் இருவரும் நில அளவை பயின்றபோது கற்ற பாடமே இங்கும் பொருந்துகிறது: தியோடலைற் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் முக்காலி அசைந்தால் வாசிப்புப் பிழைக்கும். ஸ்கோப்புக்கு மவுண்டே முக்காலி. தயாரிப்பாளர்களின் கையேடுகளை வாசித்து, கணக்கும் போட்டுப் பார்த்தபின் என் முடிவை எழுதுகிறேன்.

முதலில் அளவின் நுணுக்கத்தைப் பாரும். ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களுக்கும் இடையே 100 மில்லிமீற்றர் இருக்கிறது என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று 0.05 மில்லிமீற்றர், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைவான அளவு, நகர்ந்தால் 900 மீற்றரில் 45 சென்ரிமீற்றர் வழுவுகிறது. அந்தத் தூரத்தில் ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதிலொரு பங்கு, என்பது 26 சென்ரிமீற்றர். உமது இலக்கின் நடுவட்டமே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே எடை, தோற்றம், விரைவாகக் கழற்றிப் பூட்டும் வசதி ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு அதிர்ச்சிக்குப் பின்னும் இம்மியும் நகராமல் இருக்கும் உறுதியையே நீர் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஸ்கோப்பை நிரந்தரமாகவே பூட்டி வைக்கப்போகும் உமக்கு, நெம்புகோல் வைத்த விரைவு மவுண்ட் எந்த வகையிலும் தேவையில்லை.

மவுண்டைப் பற்றிக் கேட்ட நீர், அது உட்காரும் பள்ளமிட்ட சட்டமான றெயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் எண்ணத்தில் தொல்லை தொடங்கும் இடம் அதுவே. துவக்கின் றிசீவரில், அதாவது குழல் பொருந்தும் உடற்பகுதியில், முன்மேடும் பின்மேடும் தனித்தனியே கடையப்பட்டவை. தொழிற்சாலைத் துவக்குகளில் இரண்டின் உயரமும் சரியாகப் பொருந்தாதிருப்பது புதுமையன்று. அத்தகைய மேடுகளின் மீது நேரான றெயிலை வைத்து நான்கு திருகாணிகளையும் இறுக்கினால், றெயில் வளையும். வளைந்த றெயில் வளையங்களைச் சாய்க்கும். சாய்ந்த வளையங்கள் ஸ்கோப்பின் குழாயை நெரிக்கும். ஆகவே, முன்பக்கத் திருகாணிகளை மட்டும் இறுக்கிவிட்டு, பின்பக்கத்தில் றெயிலுக்கும் மேட்டுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று இடைவெளித் தகட்டால் அளந்து பாரும். பிறகு பின்பக்கத்தை இறுக்கி, முன்பக்கத்தைத் தளர்த்தி அளவும். இடைவெளி இருந்தால் அதைத் திருகாணியின் வலுவால் மூட முயலாதீர். றெயில் தன் இயல்பான நேர்நிலையில் இருக்க, அந்த வெளியை எபொக்சிப் பசையால் நிரப்பி இறுகவிடுவதே முறை. திருகாணித் துளைகள் பழைய 6-48 அளவில் இருந்தால், நல்ல துவக்குத் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்து 8-40 என்னும் பெரிய திருகாணி அளவுக்குப் பெருப்பிக்கச் சொல்லும். றெயில் பிக்கற்றினி அளவில், 1995இல் வகுக்கப்பட்ட 1913 ஆம் இலக்க அமெரிக்க இராணுவத் தரத்துக்கு அமைய இருக்கட்டும்: பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீற்றர், நடுவிலிருந்து நடுவுக்கு 10.01 மில்லிமீற்றர். வீவர் என்னும் மற்றொரு வகை றெயிலின் பள்ளங்கள் ஒடுக்கமானவை. அவற்றின் இடைவெளியும் சீரானதன்று.

றெயிலின் சரிவு 20 கலையாக இருக்க வேண்டும். உமது .308 சன்னத்துக்கு 100 மீற்றரிலிருந்து 900 மீற்றருக்குச் செல்ல ஏறத்தாழ 35 கலை ஏற்றம் வேண்டும். ஸ்கோப்பின் மொத்த உயர நகர்வு 60 கலை என்று அளவுத்தாள் கூறுகிறது. தட்டையான றெயிலில் அதன் பாதியான 30 மட்டுமே மேல்நோக்கிக் கிடைக்கும் என்பதால் தூர இலக்கை எட்ட முடியாது. 20 கலைச் சரிவில் மேலே 50, கீழே 10 என்று பிரிகிறது. அதுவே உமக்குச் சரியான பங்கீடு. சிலர் 40 கலைச் சரிவைப் புகழ்கிறார்கள். உமது ஸ்கோப்பில் அதைப் போட்டால் 100 மீற்றரில் பூச்சியமே பிடிக்க முடியாது, அதாவது குறிவைத்த புள்ளியில் சன்னம் விழச் செய்ய முடியாது. அத்துடன் உள்நகர்வின் எல்லைக்குச் செல்லச் செல்லப் பக்கவாட்டு நகர்வு சுருங்குவதால், காற்றுக்குத் திருத்தம் செய்ய இடமில்லாமற் போகும்.

இனி நீர் கேட்ட கேள்வி: ஒற்றைத் துண்டு மவுண்டா, இரண்டு தனி வளையங்களா? நான் ஒற்றைத் துண்டையே தெரிவு செய்வேன். இரண்டு வளையங்களும் ஒரே உலோகக் கட்டியில், ஒரே பிடிப்பில் கடையப்படுவதால் அவற்றின் அச்சுகள் ஒன்றோடொன்று பிணங்குவதில்லை. றெயிலில் எஞ்சியுள்ள சிறு கோணலும் குழாயை நேரே சென்று தாக்காது. ஸ்வீடனின் ஸ்பூர் மவுண்டில், சாய்வைக் காட்டும் குமிழி மட்டமும் உடலிலேயே பதிந்து வருகிறது. விலை கடுமையாயினும் நான் அதையே விரும்புகிறேன். அந்த விலை தாங்காவிட்டால், பரிஸ் (Burris) நிறுவனத்தின் சிக்னேச்சர் வளையங்களைப் பாரும். உள்ளே இருக்கும் உருண்டைப் பிளாத்திக்குச் செருகிகள் தாமாகவே அச்சுக்குத் திரும்பி, குழாயைக் கீறாமலும் நெரிக்காமலும் பிடிக்கின்றன. மலிவான வளையங்களை வாங்கி அரப்பசையிட்டுத் தேய்த்துச் சரிசெய்வதை நான் விரும்பவில்லை. ஒற்றைத் துண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வளையங்களின் இடைவெளி மாறாததால் ஸ்கோப்பை முன்பின் நகர்த்தும் இடம் குறைவு. குப்புறப் படுத்துச் சுடும் நிலையில், உருப்பெருக்கத்தை முழுமையாக வைத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துப் பின் திறக்கும்போது முழு வட்டமும் தெரியும் இடத்தை அறிந்த பின்னரே மவுண்டை வாங்கும்.

உயரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர். 56 மில்லிமீற்றர் முன்வில்லையின் புறச்சுற்று, குழலைத் தொடாமல் மூன்று மில்லிமீற்றர் விலகி நின்றால் போதும். கன்னத்தாங்கியை உயர்த்த முடியும். ஆனால் ஒரு தயாரிப்பாளர் உயரத்தை வளையத்தின் நடுவரையும் மற்றவர் அடிவரையும் அளக்கிறார் என்பதைக் கவனித்து வாங்கும். உமது பிரிவில் துவக்குக்கு உள்ள 8.25 கிலோகிராம் எடை எல்லைக்குள் மவுண்டின் சில நூறு கிராம்கள் உம்மைத் தடுக்கமாட்டா.

சாய்வுதான் உண்மையில் அஞ்சத்தக்கது. 35 கலை ஏற்றம் என்பது 900 மீற்றரில் ஒன்பது மீற்றருக்குச் சற்று மேல். துவக்கு ஒரு பாகை சரிந்தால் அந்த ஒன்பது மீற்றரும் சரிந்து, சன்னம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் விலகும். நடுவட்டத்தின் ஆரையோ 13. அந்தப் பிழையைக் காற்றின் பிழை என்று எண்ணித் திருத்தினால், அடுத்த சூடு இன்னும் கெடும். குமிழி மட்டம் இல்லாத மவுண்டை வாங்கினால், தனியே ஒரு மட்டத்தைக் கட்டாயம் பூட்டும்.

இறுக்குவதற்கு முறுக்களவு காட்டும் சாவி வேண்டும். கைக்கணக்கு இதில் உதவாது. வளைய மூடித் திருகாணிகளுக்குப் பல கையேடுகள் 15 முதல் 18 அங்குல இறாத்தல், அதாவது இரண்டு நியூற்றன் மீற்றர் அளவில் சொல்கின்றன. றெயிலைக் கவ்வும் திருகாணிக்குச் சில நிறுவனங்கள் 65 வரை கேட்கின்றன. உமது மவுண்டின் தாளில் உள்ளதையே பின்பற்றும். இறுக்கும் முன் மவுண்டை முன்னோக்கித் தள்ளி, அதன் அடியிலுள்ள குறுக்குச் சட்டம் றெயில் பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நிற்கச் செய்யும். அதிர்ச்சியில் துவக்கு பின்னே பாயும்போது, தன் நிலைமத்தால் முன்னே நழுவப் பார்க்கும் ஸ்கோப்பை அந்தச் சுவரே தாங்கும்.

எல்லாம் பூட்டிய பின் நம் பழைய தூக்குக்குண்டை எடும். 100 மீற்றரில் உயரமான பலகையொன்றில் தூக்குநூல் வழியே செங்குத்துக் கோடு வரைந்து, கீழ்ப்புள்ளியில் பூச்சியம் பிடித்து, 30 கலை ஏற்றி, குறியை மாற்றாமல் அதே கீழ்ப்புள்ளியை நோக்கிச் சுடும். துளைகள் 87.3 சென்ரிமீற்றர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். உயரம் வேறுபட்டால் ஸ்கோப்பின் அளவு பிழை. பக்கம் விலகினால், ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு பாகை வீதம், குமிழிக்கும் குறுக்கிழைக்கும் இடையே சரிவு உண்டு. காற்றில்லாத காலைப்பொழுதில் இதைச் செய்து, றெயிலின் இடைவெளி அளவையும் சேர்த்து எனக்கு எழுதும். 300 முதல் 900 மீற்றர் வரைக்குமான திருத்த அட்டவணையை நான் கணக்கிட்டு அனுப்புகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லும்.

உமது நண்பன்